கிட்டாருக்கு விலக்கு, கைவினைஞருக்குத் தவணை: ஈட்டி மரம் எழுப்பும் கேள்விகள்

புதுதில்லி: ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4-ஆம் தேதி வீழ்ந்தபோது, திப்பு சுல்தான் அரண்மனையின் இசைக்கூடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் விந்தையான கருவி ஒன்றைக் கண்டெடுத்தனர். ஐரோப்பியன் ஒருவனைப் புலி கீழே வீழ்த்திக் கடிப்பது போன்ற மரச் சிற்பம் அது. புலியின் உடலுக்குள் துருத்தியும் குழல்களும் பொருத்தப்பட்டிருந்தன. 18 சுரங்களை எழுப்பும் கட்டைகளும் இருந்தன. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், மனிதன் அலறுவான். லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட அக்கருவி 1808 முதல் கம்பெனியின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1880 முதல் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்து வருகிறது.

மரத்தாலான ஓர் இசைக்கருவி காவிரிக் கரையிலிருந்து கடல் கடந்து போனபோது யாரும் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை. இன்று நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தில் செய்யப்பட்ட விரல்பலகை கொண்ட ஒரு கிட்டார் எல்லை தாண்டும்போது, அதற்குப் பின்னால் ஒரு சர்வதேச உடன்படிக்கை, ஒரு நாடாளுமன்றச் சட்டம், சில மாநிலச் சட்டங்கள், சுங்கத்துறையின் பல விதிகள் ஆகியவை நிற்கின்றன. இந்த விதிகளின் சுமை யார் மீது விழுந்தது, அதிலிருந்து யார் முதலில் விடுபட்டனர் என்று பார்த்தால், அது இசையைப் பற்றிய செய்தியாக மட்டும் இருக்காது.

சேகரிப்போர் பார்க்கும் முதல் விவரம்

இசையைத் தொழிலாகக் கொள்ளாமல், ஆர்வத்தின் பொருட்டு மட்டும் கிட்டார்களையும் பேஸ் கிட்டார்களையும் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். பொறியாளர், மருத்துவர், ஆசிரியர், ஓய்வு பெற்ற அலுவலர் எனப் பலதரப்பட்டவர்கள் இவர்கள். விடுமுறை நாளில் ஒருவர் வீட்டில் கூடுவதும், தம்மிடம் உள்ள கருவிகளைப் பிறர் வாசித்துப் பார்க்கத் தருவதும், அவற்றின் படங்களைப் பகிர்ந்து கொள்வதும் இவர்களது வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் விரைவில் இரண்டு விவரங்களுக்கு வந்து சேரும். கருவி எந்த ஆண்டில் செய்யப்பட்டது? எந்த மரத்தில் செய்யப்பட்டது?

இக்கேள்விகளுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1931-ல் அறிமுகப்படுத்திய 'டி-28' என்னும் கிட்டாரின் பின்பலகையும் பக்கப்பலகைகளும் பல்லாண்டுகள் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தால் செய்யப்பட்டன. அந்த மரம் அரிதாகி, பிரேசிலும் மரத்தடி ஏற்றுமதிக்குத் தடை விதித்ததை அடுத்து, 1969-ல் அந்நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. எனவே ஒரே பெயர் கொண்ட கிட்டாராக இருந்தாலும், 1969-க்கு முந்தையதற்கு ஒரு மதிப்பு. பிந்தையதற்கு வேறு மதிப்பு.

பேஸ் கிட்டாரின் கதையும் இதுவே. ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டு வந்தபோது அதன் கழுத்து முழுவதும் மேப்பிள் மரமாக இருந்தது. 1959-ல் விரல்பலகை ரோஸ்வுட் ஆயிற்று. அதன் பிறகு உலகில் தயாரான மின்கிட்டார்களிலும் பேஸ் கிட்டார்களிலும் கணிசமானவற்றில் கலைஞனின் இடக்கை விரல்கள் பதியும் பலகை ரோஸ்வுட்டால் ஆனது. தமிழ்த் திரையிசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் கிட்டாரின் அழுத்தமான அடிநாதத்தைத் தனித்துக் கேட்கப் பழக்கியவர் இளையராஜா. அவரே கிட்டார் கலைஞராகத் திரையுலகில் நுழைந்தவர்.

ரோஸ்வுட் என்று உலகம் அழைப்பதைத் தமிழர்கள் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கின்றனர். கன்னடத்தில் பீட்டே. தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. குடகு, வயநாடு, நீலகிரி மலைச்சரிவுகள் இதன் தாயகங்களுள் முக்கியமானவை. முதிர்ந்த வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக் கொள்ளும் இம்மரத்தைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது.

1792-ல் தொடங்கிய வழக்கம்

அரசு ஒரு மரத்தைத் தனக்கே உரியதாக அறிவிக்கும் வழக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1792-ல் சந்தன மரத்தை அரச மரமாகத் திப்பு சுல்தான் அறிவித்தார். யார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசுக்கே சொந்தம் என்னும் நிலை அதன் பின்னர் மைசூர் அரசிலும், சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. கர்நாடகம் 2001-லும், தமிழகம் 2002-லும் சட்டங்களைத் திருத்தி, நிலத்தின் உரிமையாளரே மரத்தின் உரிமையாளர் என்று ஏற்றுக் கொண்டன. ஓர் ஆணையின் நிழல் விலகுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த இரு நூற்றாண்டுகள் கற்பித்த பாடம் கசப்பானது. தன் நிலத்தில் வளரும் சந்தனத்தால் தனக்குப் பயனில்லை, தொல்லையே மிச்சம் என்று கருதிய விவசாயி அதை வளர்க்க முன்வரவில்லை. முளைத்த கன்றைப் பேணவும் இல்லை. மரம் காட்டுக்குள் ஒதுங்கியது. காட்டுக்குள் கடத்தல்காரர்கள் நுழைந்தனர். சத்தியமங்கலம் முதல் மாதேஸ்வரன் மலை வரை அதன் விளைவுகளைத் தமிழகமும் கர்நாடகமும் நீண்ட காலம் அனுபவித்தன.

ஈட்டி மரத்தின் நிலை அதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. தமிழகம் 1994-ல் ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே இயற்றியது. கேரளத்தில் அரசு பட்டா வழங்கிய நிலங்களில் ஈட்டி, தேக்கு, சந்தனம், கருங்காலி ஆகியவை அரசுக்குரிய மரங்களாக ஒதுக்கி வைக்கப்பட்டன. குடகில் மரத்துக்கான மதிப்பை அரசுக்குச் செலுத்தித் தீர்க்காத நிலங்களில், நிலம் விவசாயியிடம் இருந்தாலும் மரத்தின் உரிமை அரசிடமே உள்ளது. விளைவு, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நாட்டு மரங்களை வளர்ப்பதற்குப் பதிலாக, வெட்டுவதற்குத் தடை குறைந்த சில்வர் ஓக் மரத்தைத் தோட்டக்காரர்கள் நாடினர். பாதுகாக்க வந்த விதியே நாட்டு மரத்தைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றத் துணை செய்தது.

விதியைத் தளர்த்தினால் மட்டும் போதும் என்று சொல்வதற்கும் இடமில்லை. கேரள வருவாய்த் துறை 2020 அக்டோபரில் பிறப்பித்த ஓர் உத்தரவு, பட்டா நிலத்தில் சந்தனம் தவிர்த்த பிற மரங்களை வெட்ட வழி திறந்தது. 2021 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில மாதங்களில் வயநாட்டின் முட்டில் பகுதியில் ஈட்டி மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. அவற்றில் சில பல நூற்றாண்டு வயதுடையவை என ஆய்வில் தெரிய வந்தது. பழங்குடியினர் உள்ளிட்ட சிறு நில உடைமையாளர்களின் நிலங்களில் நின்றவை அவை. விவகாரம் கேரள சட்டப்பேரவையில் புயலைக் கிளப்பியது. எதையும் வெட்டக் கூடாது என்ற விதிக்கும், எதையும் வெட்டலாம் என்ற உத்தரவுக்கும் நடுவே மரத்தைக் காக்கும் கொள்கை ஒன்று இல்லாததையே அச்சம்பவம் காட்டியது.

நாஷ்வில் சோதனையும் இந்திய விதியும்

இந்திய ஏற்றுமதி விதி ஒன்று அமெரிக்க அரசியலைக் கலக்கிய சம்பவமும் உண்டு. அமெரிக்காவின் லேசி சட்டம் 2008-ல் திருத்தப்பட்டு, பிற நாட்டுச் சட்டத்தை மீறி வெட்டப்பட்ட அல்லது ஏற்றுமதி செய்யப்பட்ட மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டு வருவதும் குற்றம் என ஆக்கப்பட்டது. இதன்படி கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் 2009-ல் ஒரு முறையும், 2011 ஆகஸ்டில் மறுமுறையும் மத்திய அதிகாரிகள் சோதனை நடத்தினர். முதல் சோதனை மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது. இரண்டாவது, இந்தியாவிலிருந்து சென்ற ரோஸ்வுட், கருங்காலி விரல்பலகைகள் தொடர்பானது.

வழக்கின் முடிச்சு மில்லிமீட்டரில் இருந்தது. ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமன் இருந்தால் சுங்க வகைப்பாட்டின்படி அது அறுத்த மரம். அதற்குட்பட்டிருந்தால் மெல்லிய தகடு. அறுத்த மரத்தை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை. கிட்டாருக்குச் செல்லும் விரல்பலகைத் துண்டு சுமார் பத்து மில்லிமீட்டர். அதை அறுத்த மரம் என்பதா, இசைக்கருவியின் பாகம் என்பதா?

அமெரிக்காவில் இது கட்சி அரசியலாயிற்று. கிப்சன் நிறுவனத் தலைவர், 2011 செப்டம்பரில் அதிபர் ஒபாமா நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் வேலைவாய்ப்பு குறித்து உரையாற்றியபோது, குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக அவையின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார். 2012 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதமும், பாதுகாப்புப் பணிகளுக்கென 50 ஆயிரம் டாலரும் செலுத்த ஒப்புக் கொண்டது. மடகாஸ்கர் மரத்துக்கான உரிமையைக் கைவிட்டது. இந்திய மரமோ திருப்பித் தரப்பட்டது. விரல்பலகைகளை வகைப்படுத்துவதில் இந்திய வர்த்தகக் கொள்கையில் தெளிவின்மை இருப்பதை ஒப்பந்தமே ஏற்றுக் கொண்டது. இந்தியா வெளிப்படையாகத் தடை என்று அறிவிக்கும் வரை நடவடிக்கை இல்லை என்றும் கூறப்பட்டது.

பழைய கருவிகளை வைத்திருந்தோரின் அச்சத்தை இந்த வழக்கு அதிகமாக்கியது. 2008 திருத்தத்துக்கு முன்பே தயாரான கருவிகளுக்கு விலக்குக் கோரி இரு கட்சியினரும் இணைந்து 2011-ல் கொண்டு வந்த மசோதா சட்டமாகவில்லை.

ஜோகன்னஸ்பர்க் முதல் பனாமா வரை

அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தை முறைப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கை 1973-ல் கையெழுத்தானது. இந்தியா 1976-ல் அதில் இணைந்தது. வர்த்தகம் ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்படும் இனங்கள் முதல் இணைப்பிலும், உரிமம் பெற்றே வர்த்தகம் செய்யக்கூடியவை இரண்டாம் இணைப்பிலும் இடம் பெறும். பிரேசில் ரோஸ்வுட் 1992-லேயே முதல் இணைப்பில் சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்திய ஈட்டி மரத்துக்கான திருப்பம் 2016-ல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் வந்தது. பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்த சுமார் 300 இனங்களும் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டன. பேஸ் கிட்டார் தயாரிப்பாளர்கள் விரும்பும் ஆப்பிரிக்க புபிங்கா மரமும் உடன் சேர்ந்தது. 2017 ஜனவரி 2 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. இதற்குக் காரணம் கிட்டார் அல்ல. சீனாவில் ஆடம்பர மரச்சாமான்களுக்கு ஏற்பட்ட பெரும் தேவையே ஆப்பிரிக்கா, மத்திய அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளின் ரோஸ்வுட் காடுகளைச் சூறையாட வைத்தது. கடத்தலில் பிடிபட்ட வன உயிரினப் பொருள்களின் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு ரோஸ்வுட் என்று ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

ஒரு கிட்டாரில் இருக்கும் ரோஸ்வுட் ஓரிரு கிலோவுக்கு மேல் போகாது. சொந்தக் கருவியைக் கையில் எடுத்துக் கொண்டு பயணிப்பதற்குப் பத்து கிலோ வரை விலக்கும் இருந்தது. ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால், எல்லை தாண்டும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமம் வேண்டும். சேகரிப்பாளர் ஒருவர் தன் பழைய பேஸ் கிட்டாரை அயல்நாட்டு நண்பருக்கு விற்பதும் இதில் அடங்கியது. ஃபெண்டர் நிறுவனம் 2017-ல் மெக்சிகோவில் தயாராகும் கிட்டார்களின் விரல்பலகைக்கு, பட்டியலில் இல்லாத பாவ் ஃபெரோ என்னும் தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது.

கருவி தயாரிப்பாளர்களும், வர்த்தக அமைப்புகளும், இசைக்குழுக்களும் ஒன்றிணைந்து முறையிட்டனர். 2019 ஆகஸ்டில் ஜெனீவா மாநாடு அவர்களுக்குச் செவிசாய்த்தது. முழுமை பெற்ற இசைக்கருவிகள், அவற்றின் பாகங்கள், துணைப்பொருள்கள் ஆகியவற்றுக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டது. அது அதே ஆண்டு நவம்பர் 26 முதல் அமலுக்கு வந்தது. முதல் இணைப்பில் உள்ள பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. 1969-க்கு முந்தைய டி-28 கிட்டாரை வைத்திருப்பவர் அதை அயல்நாட்டு மேடைக்குக் கொண்டு செல்ல, மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும் இசைக்கருவிச் சான்றிதழை இன்றும் பெற வேண்டும்.

இந்தியாவின் வாதம்

அதே ஜெனீவா மாநாட்டில் இந்தியாவும் அண்டை நாடுகளும் ஒரு கோரிக்கை வைத்தன. வட இந்தியாவில் ஷீஷம் எனப்படும் சிசு மரம் வேகமாக வளர்வது, ஏராளமாகப் பயிரிடப்படுவது, அதைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது அக்கோரிக்கை. அது ஏற்கப்படவில்லை. அறுத்து இழைத்தபின் ஒரு ரோஸ்வுட்டை மற்றொன்றிலிருந்து சுங்க அதிகாரி கண்டறிவது எளிதன்று என்பதே எதிர்த்தோரின் முக்கிய வாதம்.

இதன் சுமை சகாரன்பூர், ஜோத்பூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் விழுந்தது. சிசு, ஈட்டி ஆகிய இரு மரங்களாலான மரச்சாமான், கைவினைப் பொருள்களின் ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் ரூ.1,000 கோடியாக இருந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்ட பின் ரூ.500 முதல் 600 கோடியாகச் சரிந்தது. சுமார் 50 ஆயிரம் கைவினைஞர்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது. இவை மத்திய அரசே 2022 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீடுகள்.

அந்த மாதம் பனாமாவில் நடந்த மாநாட்டில்தான் நிவாரணம் கிடைத்தது. ஒவ்வொரு பொருளிலும் உள்ள மரத்தின் எடை பத்து கிலோவுக்குக் குறைவாக இருந்தால், எத்தனை பொருள்களையும் ஒரே சரக்காக உரிமமின்றி அனுப்பலாம் என்று சிசு மரப் பொருள்கள் தொடர்பாக ஏற்கப்பட்டது. கிட்டார் நிறுவனங்கள் 2019-ல் பெற்ற சலுகைக்கு இந்தியக் கைவினைஞர் மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முழு விலக்கு அன்று. எடை வரம்புக்கு உட்பட்டது. அரசின் அறிவிப்பு பேசியதும் சிசுவைப் பற்றியே.

மைசூரின் புகழ்பெற்ற மரப்பதிப்புக் கலைக்குச் சிசு அல்ல, ஈட்டியே அடிப்படை. கரிய ஈட்டிப் பலகையில் வெளிர் நிற மரத் துண்டுகளைப் பதித்து யானையையும் தசரா ஊர்வலத்தையும் உருவாக்கும் இக்கலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இடத்தின் பெயரை அரசு காத்துக் கொடுத்தது. அந்த இடத்தின் மரம் பட்டறைக்கு எப்படி வந்து சேரும் என்பதற்கு அதே அளவு அக்கறை காட்டப்பட்டதாகச் சொல்ல இயலாது.

நாடாளுமன்றத்தில்

சைட்டிஸ் உடன்படிக்கையில் இணைந்து 45 ஆண்டுகள் கழித்து, அதற்கென உள்நாட்டுச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்க்கும் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதா 2021 டிசம்பர் 17-ல் மக்களவையில் அறிமுகமானது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு 2022 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. மக்களவை ஆகஸ்டிலும், மாநிலங்களவை டிசம்பர் 8-ஆம் தேதியும் மசோதாவை நிறைவேற்றின. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. உடன்படிக்கையின் இணைப்புகளில் உள்ள இனங்களுக்காக நான்காம் அட்டவணை உருவாக்கப்பட்டது. உரிமம் வழங்கும் மேலாண்மை ஆணையத்துக்கும், அறிவுரை கூறும் அறிவியல் ஆணையத்துக்கும் சட்ட அடிப்படை கிடைத்தது. கிட்டார் கலைஞராகத் தொடங்கிய இளையராஜா நியமன உறுப்பினராக மாநிலங்களவையில் பொறுப்பேற்றதும் அதே 2022-ஆம் ஆண்டில்தான்.

இரு அவைகளின் விவாதங்களிலும் யானைக்குக் கிடைத்த கவனம் மரத்துக்குக் கிடைக்கவில்லை. வளர்ப்பு யானைகளின் கைமாற்றம் குறித்த பிரிவே உறுப்பினர்களின் முக்கியக் கவலையாக இருந்தது. அது நியாயமான கவலையே. ஆனால் புதிய அட்டவணையின் நிழலில் வாழும் பட்டறைத் தொழிலாளியும், காப்பித் தோட்டச் சிறு விவசாயியும் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றனர்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இதே ஈட்டி மரம் 'சோனோகெலிங்' என்ற பெயரில் மக்களின் நிலங்களில் வளர்க்கப்படுகிறது. அங்கிருந்து கிட்டார் தொழிலுக்கும் செல்கிறது. உடன்படிக்கையின் விதிகள் அந்நாட்டுக்கும் பொருந்தும். வேறுபாடு, வளர்த்தவனுக்கு மரத்தின் பயன் உண்டு என்பதில் இருக்கிறது. சந்தனத்தைப் பொறுத்தவரை 2001-லும் 2002-லும் கர்நாடகமும் தமிழகமும் ஒப்புக் கொண்ட உண்மையும் இதுவே. நட்டவனுக்கு உரிமை, பழங்காட்டு மரத்துக்குக் கடும் காவல், இரண்டையும் பிரித்தறியப் பதிவேடு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் முட்டில் போன்ற சம்பவங்களும் தவிர்க்கப்படும், பட்டறைகளும் பிழைக்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் தேக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து மைசூரின் மரப்பதிப்புப் பட்டறைகளுக்கு அதிக தூரமில்லை. உலகின் ஏதோ ஒரு நகரில், ஒருவர் தன் பேஸ் கிட்டாரின் கரிய விரல்பலகையை நண்பர்களுக்குக் காட்டி, இது இந்திய ரோஸ்வுட் என்று பெருமையுடன் சொல்லலாம். அவரது கருவிக்கு ஜெனீவா வழி திறந்துவிட்டது. அந்த மரத்தை நடுவதற்கு ஒரு குடகு விவசாயிக்கும், அதை நேர்மையான வழியில் வாங்குவதற்கு ஒரு மைசூர்க் கைவினைஞருக்கும் வழி திறக்க வேண்டியது பெங்களூரும் சென்னையும் திருவனந்தபுரமும் புதுதில்லியும்தான்.